இந்த வீட்டில் ஓர் அவிசுவாசம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, எதிரே மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஆராதனை முடிகிறவரை அதன் மேலேயே சாய்ந்துகொண்டு காத்திருப்பது பிரிட்ஜ் மெக்கானிக்கின் பல வருஷத்து வழக்கம். மழை வந்தால் பக்கத்துக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்குவாரே ஒழிய, அந்த வாசலைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்ததில்லை.

சபையில் மூத்தவர் ஒருவர் விடாப்பிடிக்காரர். வாராவாரம் வந்து கூப்பிடுவார்.

“வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்து உக்காருங்களேன்.”

“உள்ள வந்தா வண்டியை யாருங்க பாத்துக்குவா?”

“ஆண்டவர் பாத்துக்குவார்.”

“போன மாசம் உங்க சைக்கிள் களவு போச்சே, அன்னிக்கும் அவர்தானே பாத்துட்டிருந்தார்?”

மூத்தவருக்கே சிரிப்பு வந்துவிடும். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மெக்கானிக்குக் கடவுள் மேல் கோபமோ வெறுப்போ கிடையாது. நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். மனைவியும் அதற்காக அவரை நச்சரித்ததில்லை. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. வீட்டிலும் ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மடியில் முழம் முழமாகத் துணி வழிந்துகிடக்க, காலால் மிதித்தபடியே எப்போதாவது ஒரு வார்த்தை எடுத்துவிடுவாள்.

“ஏங்க, பிரிட்ஜுக்குள்ள இருக்கிற காஸ் உங்க கண்ணுக்குத் தெரியுதா? அதை மட்டும் நம்புறீங்க?”

“லீக் ஆனா சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். குமிழி வரும். உன் ஆண்டவர் எங்க இருக்கார்னு காட்ட ஏதாவது நுரை வெச்சிருக்கியா?”

“இருக்கே. உங்களை மாதிரி ஒரு ஐஸ்கட்டியோட இத்தனை வருஷம் சிரிச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்றேன் பாருங்க, அதான் குமிழி.”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவள் ஜெபித்தது அவருக்குத் தெரியும். உடம்பு தளர்ந்து, இனி இல்லை என்றானபோது, ஒருநாள் பூராவும் பேசாமல் இருந்தாள். மறுநாள் வழக்கம்போல ஜெபிக்க உட்கார்ந்தாள். கேட்டது கிடைக்காத இடத்தில் மறுபடியும் போய் எப்படி உட்கார முடிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

அவளை வளர்த்தது அவளுடைய அக்கா. அம்மா சின்ன வயசிலேயே போய்விட, தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட அக்கா தனக்கென்று ஒரு கல்யாணத்தைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றை நடத்தினாள். பால்புட்டியும் ஈரத்துணியும் அழுகையுமாக இருக்கும் அந்த இரண்டு அறைகளில் அவள் பெரியக்கா. அப்படியே சபைக்கும் பெரியக்கா, மெக்கானிக்குக்கும் பெரியக்கா. ஜெபத்தில் அவளுக்கு இணை கிடையாது. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் போதகருக்கு முன்னால் பெரியக்கா அங்கே முழங்காலில் இருப்பாள்.

தங்கைக்கு வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். பிறகு சாப்பாடே இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டர் மெக்கானிக்கை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கட்டி இருக்கிறது, பரவியிருக்கிறது என்றார். அவர் திரும்பி வந்தபோது அவள் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளின் பையில் பிரிந்திருந்த தையலைக் காட்டி, “இதுக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். “வீட்டுக்குப் போலாமாங்க?” என்றாள்.

பெரியக்கா உபவாசம் எடுத்தாள். சபையார் முறைபோட்டு ஜெபித்தார்கள். வீட்டில் எந்நேரமும் நாலு செருப்பு வாசலில் கிடந்தது. மெக்கானிக் அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார், விசிறியைத் திருப்பி வைப்பார், பாட்டு ஆரம்பித்ததும் சமையலறைக்குப் போய்விடுவார். அங்கே நின்றுகொண்டு, மருந்து வைத்திருந்த பிரிட்ஜின் கதவைத் திறந்து குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். தினமும் பார்ப்பார். அதில் ஒரு கோளாறும் இருக்காது என்பது அவருக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒருநாள், அவளைப் பரிசோதனைக்கு உள்ளே கொண்டுபோயிருந்த நேரம், வராந்தாக் கோடியில் குழாயடிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மெக்கானிக் சுவரைப் பார்த்து நின்றார். முழங்காலிடத் தெரியவில்லை, கண்ணை மூட வேண்டுமா என்றும் தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலவே பேசினார்.

“ஐயா, நான் உங்களை நம்பல. பொய் சொல்லி ஜெபம் பண்ண எனக்கு வராது. ஆனா அவ நம்புறா. நான் கேக்கிறதை விட்டுடுங்க. அவ நம்புறதுக்காகச் செஞ்சு கொடுங்க.”

சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட.

அந்த வாரம் வெளியூரிலிருந்து ஊழியக்காரர் ஒருவர் வந்தார். வியாதியஸ்தருக்காக ஜெபிப்பதில் பேர் பெற்றவர் என்று பெரியக்காதான் அழைத்து வந்திருந்தாள். நல்ல குரல், நல்ல மனுஷர். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே ஜெபித்தவர் நடுவில் நிறுத்தி, கையை உயர்த்தி, “தடை ஒன்று இருக்கிறது. இந்த மகளுடைய வீட்டில் ஓர் அவிசுவாசம் இருக்கிறது. அது விலகாமல் ஆண்டவருடைய கை இங்கே இறங்காது” என்றார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்க எல்லோரும் எடுத்துக்கொண்ட முயற்சி மெக்கானிக்கின் முகத்தில் அனலாக அடித்தது. அவர் மனைவியைப் பார்த்தார். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா, கேட்டுக்கொண்டிருக்கிறாளா, தெரியவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அவருடைய கையைப் பிடித்தபடியே, அவள் மூச்சு நின்றது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மண்மேட்டின் தலைமாட்டில் பெரியக்கா நின்றிருந்தாள். மெக்கானிக் அவளைத் தாங்கிக் கூட்டிப்போகலாம் என்று பக்கத்தில் போய், “வாங்கக்கா” என்றார். அவள் கையை உதறினாள்.

“எத்தனை பேர் முட்டி தேய ஜெபிச்சோம் தம்பி! நீ ஒருத்தன் நம்பியிருந்தா இருந்திருப்பா. உன் அவிசுவாசந்தான் என் தங்கச்சியைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள வெச்சிருச்சு.”

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? மெக்கானிக் வண்டியை உருட்டிக்கொண்டே வீடுவரைக்கும் நடந்தார். ஏறி ஓட்டத் தோன்றவில்லை.

நம்பிக்கை இல்லாத மனுஷனுக்கு அந்தச் சொல் ஒட்டியிருக்கக் கூடாது. கடவுளே இல்லை என்றால் அவர் கை இறங்காததற்கு யார் பொறுப்பு? தட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்படி நடக்கவில்லை. இத்தனை வருஷம் வாசலுக்கு வெளியே நின்றவருக்குள் விசுவாசத்தின் எந்த ஆறுதலும் நுழையவில்லை. அந்தக் குற்றச்சாட்டு மட்டும் நுழைந்துவிட்டது. ஆண்டவர் இருக்கிறார், அவளைக் குணமாக்கத் தயாராகத்தான் இருந்தார், குறுக்கே நின்றது நான். இப்படித்தான் அவர் முதன்முதலாகக் கடவுளை நம்பினார்.

பட்டறைக்குப் போனார். திரும்பினார். சோறு வைத்தார், பாதி வேகாமல் தின்றார். தையல் மெஷினில் பாதி தைத்த திரைச்சீலை ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. கடைக்காரம்மா ஆள் அனுப்பிக் கேட்டபோது, ஊசியை உயர்த்தித் துணியை எடுக்க அவரால் முடியவில்லை. வந்த ஆளே எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு வந்தால் கால்கள் பழக்கத்தில் வண்டியை நோக்கிப் போகும். பின்சீட்டில் யாரும் இல்லாமல் எங்கே போக?

ஒருநாள் மெஷினுக்கு மேலே பலகையில் இருந்த அவளுடைய வேதப்புத்தகத்தை எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பிரிட்ஜ் குழாயிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க பம்ப் ரொம்ப நேரம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஸ்டூலில் குந்திக் காத்திருக்க வேண்டியதுதான். பம்பின் இரைச்சலில் அவர் சுவிசேஷத்தைப் படித்தார். ஆறுதலுக்காகப் படிக்கவில்லை. எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கப் படித்தார். யார் யார் சுகமானார்கள், அவர்கள் வீட்டில் யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை?

நாலு பேர் கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரனைக் கட்டிலோடு இறக்கின கதை வந்தது. இயேசு பார்த்தது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்று எழுதியிருந்தது. படுத்திருந்தவன் நம்பினானா என்று அங்கே ஒரு கேள்வியும் இல்லை. மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. சில பக்கம் தள்ளி இன்னொன்று வந்தது. சொந்த ஊருக்குப் போன இயேசு, அங்கே இருந்தவர்களின் அவிசுவாசத்தால் பெரிய அற்புதம் ஒன்றும் அங்கே செய்ய முடியாமல் போனார்.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி, செம்புக்குழாய்ச் சுருளுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் வைத்தார். ஊழியக்காரர் சொன்னதும் பெரியக்கா சொன்னதும் அச்சிலேயே இருக்கிறது. இனி என்ன?

பல வாரம் அதைத் தொடவில்லை. முகச்சவரமும் நின்றுபோனது. பட்டறைக்கு வந்த ஓர் அம்மா, “என்னங்க, நீங்களே கம்ப்ரசர் போன பிரிட்ஜ் மாதிரி இருக்கீங்க” என்றாள். சிரித்தார். அவள் போன பிறகு அழுதார்.

மறுபடியும் ஒருநாள் எடுத்தார். அதில் ஒரு தகப்பன் வந்தான். பிள்ளைக்கு வலிப்பு. உம்மால் முடிந்தால் உதவி செய்யும் என்று இயேசுவிடம் கேட்கிறான். நம்பினால் எல்லாம் முடியும் என்று பதில் வருகிறது. அவன் கதறுகிறான்: நம்புகிறேன், என் நம்பாமைக்கும் நீரே உதவி செய்யும். பிள்ளை எழுந்து நிற்கிறான். மெக்கானிக்குக் கண் நிறைந்தது, ஆனால் ஆறுதல் வரவில்லை. அந்த அப்பன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். நானோ குழாயடியில் நின்று நம்பவில்லை என்று மட்டும்தானே சொன்னேன்? இன்னொரு பாதியையும் சொல்லியிருந்தால்?

இந்த நிலைமையில்தான் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. இளம் தம்பதிகள். மனைவிக்கு நுரையீரலில் ஏதோ தொற்று, மாதக்கணக்கில் படுக்கை. போட வேண்டிய ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், பிரிட்ஜ் நின்றுவிட்டது, உடனே வர முடியுமா என்று கணவன் போனில் கேட்டான். அவன் ஓட்டுநர் வேலை பார்க்கிறவன், சபைப் பக்கம் போகாதவன். மெக்கானிக் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போனார்.

வாசலில் நிறையச் செருப்புகள். அதில் ஒரு ஜோடி பெரியக்காவுடையது. வார் அறுந்து தைத்த அந்தச் செருப்பை அவருக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றார். மருந்து கெட்டுப்போகுமே. தலையைக் குனிந்துகொண்டு கூடத்தைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனார்.

பிரிட்ஜை இழுத்துத் திருப்பினார். ஸ்விட்ச் போட்டால் ஒரு ‘டிக்’ சத்தம், ஓர் உறுமல், மறுபடி ‘டிக்’, பிறகு மௌனம். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருந்தது. பையிலேயே புதிது இருந்தது. மாற்றினார். மோட்டார் கிளம்பி நிதானமாக ஓடத் தொடங்கியது. குழாயில் கை வைத்து, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. அதே நல்ல குரல், அழுகை கலந்த குரல்.

“ஒரு தடை இருக்கிறது. இந்த வீட்டில் ஓர் அவிசுவாசம் இருக்கிறது…”

மெக்கானிக்கின் கை குழாயிலேயே இருந்தது. சுட்டதுகூடத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தார். பாயில் அந்தப் பெண் படுத்திருந்தாள். அவளைச் சுற்றி முழங்காலில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான். தலை மெதுவாகத் தாழ்ந்துகொண்டே போனது. அந்தத் தலை எங்கே போய் நிற்கும் என்று மெக்கானிக்குத் தெரியும்.

அவர் கூடத்துக்குள் வந்துவிட்டார். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே வந்துவிட்டார். படித்ததெல்லாம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நேரே போய் அந்த ஓட்டுநரின் பக்கத்தில், எண்ணெய்க் கையோடு, தரையில் உட்கார்ந்தார்.

“ஐயா,” என்றார் ஊழியக்காரரைப் பார்த்து. “இவரை அப்படிச் சொல்லாதீங்க ஐயா. என்னையும் சொன்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. என் பொண்டாட்டி போயிட்டா. அதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு இருக்கேன், இறக்கி வைக்க இடம் இல்ல. இவரு சின்ன வயசு. இவருக்கு வேண்டாம்யா.”

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஓட்டுநர் பயந்துபோய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஊழியக்காரர் திகைத்து நின்றார். “சகோதரரே, நான் வேதத்தில் இருக்கிறதைத்தானே…” என்று தொடங்கினார்.

“வேதத்தில அது மட்டுமா இருக்கு?”

கேட்டது பெரியக்கா. முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில நம்ம ஆண்டவரே முகங்குப்புற விழுந்து கேட்டாரே ஐயா. வேர்வை ரத்தமா சொட்டக் கேட்டாரே, இந்தப் பாடுகளோட பாத்திரத்தை எடுத்துடுங்கப்பான்னு. பிதா எடுத்தாரா? அங்க யாருக்கு அவிசுவாசம்? எந்த வீட்டில தடை?” மூச்சு வாங்கியது. “நீங்க சொன்னதை நான் எடுத்துட்டுப் போய் என் தங்கச்சி மண்ணு காயறதுக்குள்ள இந்த மனுஷன் தலையில போட்டேன். நான்தான் போட்டேன். அது சத்தியமில்ல. எல்லார் முன்னாலயும் சொல்றேன், அது சத்தியமில்ல.”

பாயிலிருந்த பெண் மெல்ல இருமினாள். ஊழியக்காரர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் தரையில் வந்து உட்கார்ந்தார். கையை உயர்த்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “ஆண்டவரே, இரக்கமாயிரும்” என்றார். சமையலறையில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மெக்கானிக் கருவிகளைப் பையில் போட்டு வெளியே வந்தபோது பெரியக்கா தெருமுனையில் நின்றிருந்தாள். அவர் வண்டியை உருட்டினார். அவள் பக்கத்தில் நடந்தாள். சாயங்கால வெயில் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிவிட்ட பிள்ளைகள் மோதாமல் விலகி ஓடினார்கள்.

“தம்பி, இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லலைன்னா என் நெஞ்சு வெடிச்சிரும்.”

“சொல்லுங்கக்கா.”

“அன்னிக்கு அந்த ஊழியக்கார ஐயா ஆஸ்பத்திரியில சொன்னாரே, அவ தூங்கல. எல்லாம் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தா.”

மெக்கானிக் நின்றுவிட்டார்.

“நீ மருந்து வாங்கப் போனதும் என் கையைப் பிடிச்சா. ‘அக்கா, நான் போயிட்டா இவரு மேல யாரும் பழி போடாமப் பாத்துக்க. நீயும் போடாத. வாராவாரம் வெயில்ல நின்னு என்னைக் கூட்டிட்டு வந்த மனுஷன், அவரைவிட என்னை ஆலயத்துக்குச் சுமந்துட்டு வந்தவங்க யாரு’ன்னா. எங்கிட்ட வாக்கு வாங்கிக்கிட்டா தம்பி. சரின்னு தலையாட்டினேன். தலையாட்டிட்டு, அவளைப் புதைச்ச இடத்திலயே…” சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“ஏங்கக்கா?” என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“உன் மேல போடலைன்னா யார் மேல போடுவேன்? ஒண்ணு என் ஜெபத்து மேல போடணும். இல்லைன்னா ஆண்டவர் மேல போடணும். அவர் மேல போட்டுட்டா எனக்கு வேற யார் இருக்கா? அவளும் இல்ல. நீதான் பக்கத்தில நின்னுட்டிருந்த.”

இருவரும் நடுத்தெருவில் நின்று அழுதார்கள். ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்து, “ஓரமா போய் அழுங்கம்மா” என்றான். ஓரமாகப் போனார்கள்.

மெக்கானிக் அப்போதுதான் குழாயடியில் தான் பேசியதை அவளிடம் சொன்னார். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுவும் ஜெபந்தான் தம்பி. நான் அவ்வளவு உண்மையா ஒருநாளும் பேசினதில்ல. நம்புறேன் நம்புறேன்னு கத்தினேன், உள்ளுக்குள்ள பயத்தில செத்துட்டிருந்தேன்.”

“அப்ப ஏங்கக்கா கேக்கல அவரு?”

“தெரியாது தம்பி.”

பெரியக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் வைத்திருப்பவள். வசனங்களெல்லாம் சேர்ந்து தராத ஏதோ ஒன்று அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. மனசு லேசாகவில்லை. ஆனால் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இன்னொரு கை வந்து பிடித்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் பெரியக்காவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். முதல் வாரம் மரத்தடியில் நின்றார். அடுத்த வாரம் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். விடாப்பிடிக்கார மூத்தவர் ஏதாவது சொல்வார் என்று தயாராக இருந்தார். மூத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார், அவ்வளவுதான். மெக்கானிக் பாடவில்லை. மனைவி எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷம் கூட்டிவந்தும் அது தனக்குத் தெரியாதே என்ற நினைப்பு அவரை ஆராதனை முடிகிறவரைக்கும் அறுத்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநரின் மனைவி பிழைத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிகிற சமயம் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். அவள் மெலிந்திருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார். “அண்ணே, அன்னிக்கு நீங்க இவர் பக்கத்தில வந்து உக்காரலைன்னா இவரு என்ன ஆகியிருப்பாரோ” என்றாள். அவர் ஏதோ சொல்லிச் சமாளித்து, அவர்கள் வீட்டு பிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று விசாரித்து அனுப்பிவைத்தார்.

அவர்கள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் இல்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே கத்திபோல ஒன்று ஏறியது. அந்தப் பொண்ணு எழுந்து நடக்குது. என்னவள் ஏன் எழுந்திருக்கல? இரண்டு பேருக்காகவும் அழுதது ஒரே ஜனங்கள்தானே. கேட்டது ஒரே ஆண்டவரைத்தானே. அவர் அதைச் சத்தமாகவே கேட்டார். பழைய பிரிட்ஜுகள் வரிசையாகக் கதவு திறந்து நின்றன. பதில் வரவில்லை.

வேதப்புத்தகத்தில் அன்றைக்குப் படிக்க வேண்டிய இடம் சிலுவையில் வந்து நின்றிருந்தது. பக்கத்துச் சிலுவையில் ஒரு கள்ளன். அவன் ஒரு நன்மையும் செய்ததாக எழுதவில்லை. சபைக்குப் போனதாகவோ, ஞானஸ்நானம் வாங்கினதாகவோ இல்லை. வலியை நீக்கும் என்றுகூட அவன் கேட்கவில்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்கிறான். இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்று பதில் வருகிறது. ஆனாலும் அவனைச் சிலுவையிலிருந்து யாரும் இறக்கிவிடவில்லை. வாக்குக் கிடைத்த பிறகும் அவன் அங்கேயேதான் தொங்கினான்.

மெக்கானிக் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“அவ உங்ககிட்ட இருக்கான்னு பெரியக்கா சொல்றாங்க. அதை நம்பணும்னு ஆசையா இருக்கு. ஆசைதான் இருக்கு, வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல. அவளைப் பத்திரமா பாத்துக்கங்க. அப்படியே, முடிஞ்சா, என்னையும் நினைச்சுக்கங்க.”

சுவரில் ஒன்றும் அசையவில்லை. துக்கமும் அசையவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். மீன்கடைக்காரர், குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதாம், சரக்கெல்லாம் உள்ளே இருக்கிறதாம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“வந்துட்டேங்க, பதறாதீங்க” என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெக்கானிக் எழுந்தார்.